தாய்மாமன் மடியும் முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளியும்

இன்று காலை தங்கச்சி மகள் ஒரு பழைய போட்டோவை அனுப்பி, "மாமா, என்ற காதுகுத்துல நீங்க எதுக்குங்க அழறீங்க?" என்று கேட்டாள்.

சரித்திரம் கேட்கிறது, சொல்லித்தானே ஆக வேண்டும்!

தொண்ணூறுகளில், அன்னூர் சாலையில் மொபெட்டோடு விழுந்தேன் (சாலைக்குத்தான் சேதம் அதிகம்). வலது காலுக்கு மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்தால், உள்ளே என் காலைக் காணோம்! ஒரு முருங்கைக்காய் கிடந்தது.

"அசையாம கெடந்தா சதை வத்தத்தானுங்க செய்யும். மெதுவா நடந்து பழகுங்க" என்றார் டாக்டர்.

ஆனால் சென்னிமலையில் காதுகுத்து நெருங்கிவிட்டது. தாய்மாமன் சம்மணமிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சி நயமாகச் சொன்னாள்: "முடியலீன்னா பரவால்லீங்கண்ணா. சின்னண்ணன் மடியில உக்கார வெச்சுக்கலாமுங்க."

என் தம்பி மடியிலா! என் சிம்மாசனம் அவனுக்கா!

மறுநாளே ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அக்குபிரஷர்காரரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு புள்ளியைக் காட்டினார். "ஊட்டுல தெனமும் அமுக்கியுடச் சொல்லுங்க. நடைய மட்டும் உட்டுப்போடாதீங்க."

நான் செய்த தவறு, இதை ஊருக்கே சொன்னது.

ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தவரெல்லாம் கட்டைவிரலை நீட்டினார்கள். வந்தவரை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் ஏது?

பெரியப்பா அமுக்கியபோது எனக்குத் திருப்பூர் வரை தெரிந்தது!

"வலிக்குதுங்களா கண்ணு?"

"இல்லீங் பெரியப்பா. சொகமா இருக்குதுங்க."

"அப்ப இன்னுங் கொஞ்சம் அமுக்கறனுங்க."

அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கோலூன்றி, கடைசியில் கோலை மறந்து.

மெல்ல மெல்ல முருங்கைக்காய் சுரைக்காயானது.

காதுகுத்தன்று மலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மடியில் குழந்தை. தம்பி ஓரமாக நின்றான் (ஆகா!).

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு உதைத்தது. உலகத்தில் அத்தனை இடமிருக்க, சரியாக அதே புள்ளியில்!

மடி இம்மியும் அசையவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர் பளிச்சென்று அடித்தார்.

"அண்ணனுக்குப் பாசத்தப் பாருங்க!" என்று தங்கச்சியும் அழுதாள்.

கால் தேறியது அமுக்கியதாலா, தப்பித்து நடந்ததாலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனால் அம்மணி, ஒன்று மட்டும் நிச்சயம். உன் குதிகால் அப்படியே பெரியப்பாவின் கட்டைவிரல்!