ஹெல்மெட்டுக்குள் ஒரு டேங்க்

போன வாரம் வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் எங்கள் ட்ரெயினிங் ரூமுக்கு ஒரு புது ஹெல்மெட் வந்து இறங்கியது. மாட்டினால் கண்ணை முழுக்க மூடிவிடும். பின்னாலிருந்து கட்டை விரல் தடிமனில் ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். அவ்வளவுதான்... ரூம் மறைந்து, எண்ணெய் டேங்க் வாசலில் நிற்பீர்கள். பொம்மைப் படம்தான். ஆனாலும் வீடியோ கேம் என்று சிரித்தவர்கள்கூட, ஏணியில் ஏறியதும் பிடிக்கக் கம்பி தேடிக் கையை நீட்டினார்கள்!

பாடம் ஒன்றுதான். டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கிய ஆள், விஷவாயுவில் மயங்கி விழுவான். வெளியே காவல் நிற்பது நீங்கள். என்ன செய்வீர்கள்? பதறி இறங்கக் கூடாது. இறங்கினால் இரண்டு பிணம். அலாரத்தை அழுத்திவிட்டு, மூச்சுக்கருவியோடு மீட்புக் குழு வரும்வரை நிற்க வேண்டும். மூன்று முறை தப்புச் செய்தால் சைட்டுக்குள் நுழைய பாஸ் கிடையாது. ஊருக்கு டிக்கெட்தான்.

எகிப்துக்கார ட்ரெயினர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்குச் சொல்வது என் டூட்டி.

செவ்வாய்க்கிழமை பழனிவேல் வந்தார். பெரம்பலூர் பக்கம். வளைகுடாவில் பதினோரு வருஷம். கத்தாரில், ராஸ் லஃபானில் வேறொரு காண்ட்ராக்டரிடம் இருந்துவிட்டு, புதிதாக எங்களிடம் சேர்ந்தவர். இவருக்கெல்லாம் எதற்குப் பாடம் என்றுதான் நினைத்தேன்.

பொம்மை ஆள் விழுந்தான். பழனிவேல் நேராக உள்ளே இறங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரை சிவப்பானது. ஃபெயில்.

மறுபடி விளக்கினேன். தலையாட்டினார். மறுபடி இறங்கினார்!

“என்ன பழனி அண்ணே, ரூல் தெரியாதா உங்களுக்கு?”

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

“தெரியும் சார். போன வருஷம் கத்தார்ல உள்ள விழுந்தது எம் மச்சான். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். நாந்தான் விசா வாங்கிக் கூட்டியாந்தேன். அலாரத்த அமுக்கிட்டு வெளியவே நின்னேன். மூச்சு செட்டு வெச்சிருந்த ரூம் பூட்டிக் கெடந்துச்சு. சாவி வர்றதுக்குள்ள...”

ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் செஞ்சது சரின்னுதான் எல்லாரும் எழுதிக் குடுத்தாங்க. வீட்ல மட்டும் இன்னும் கேக்குறா, நீ அங்கதான நின்னேன்னு. நெசத்துல முடியல. இங்கயாச்சும் எறங்கிக்கிறேனே சார்...”

“என்ன சொல்கிறார்?” என்றார் ட்ரெயினர்.

என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொல்லி, மனநிலை சரியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டால்? “பட்டன் எங்கே என்று தெரியவில்லையாம்” என்றேன். இத்தனை வருஷத்தில் நான் வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் காதருகே குனிந்தேன். “அண்ணே, இதுதான் கடைசி. இதுலயும் எறங்கினா அனுப்பிடுவாங்க. நில்லுங்கண்ணே.”

மூன்றாவது முறையும் பொம்மை விழுந்தது. பழனிவேல் ஏணிப் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பினார். அலாரத்தை அழுத்தினார். நின்றார். ஹெல்மெட்டுக்குக் கீழே, தாடையில் கண்ணீர் வழிந்து சட்டையில் சொட்டியது. அப்படியே நின்றார்.

கம்ப்யூட்டர் உலகத்தில் மீட்புக் குழு அரை நிமிடத்தில் வந்துவிடும். வந்தது. பொம்மையைத் தூக்கி வெளியே கிடத்தியது. பொம்மை எழுந்து உட்கார்ந்தது. திரை பச்சையானது.

“வெரிகுட்!” என்று கைதட்டினார் ட்ரெயினர்.

ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது பழனிவேல் மெதுவாகச் சொன்னார்: “எந்திரிச்சு உக்காந்துட்டான் சார். இங்க ஆளுங்க சீக்கிரமா வர்றாங்க.”

பாஸ் கிடைத்தது. மறுநாளே டூட்டியில் சேர்ந்துவிட்டார். எதிரில் பார்த்தால் கையைத் தூக்கி வணக்கம் வைக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் இருவருமே எடுப்பதில்லை.

நிற்க வேண்டியவனுக்குப் பாடம் நடத்த மெஷின் வாங்கியாயிற்று. ஓடி வர வேண்டியவர்களுக்கு யார் நடத்துவது?