பாஜா என்றொரு மீன் இல்லை

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

தேயிலை மலையில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து லயத்துக்காரியோடு மலையிலேயே திரிங்காப் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனேன். அங்கே ஒரு நீலப் பீப்பாய் நாறிக்கொண்டிருக்கும். லோரியில் வரும் மீனை அதில் ஊறவைத்து செடிக்கு ஊற்றுவார்கள். எட்டிப் பார்த்தேன். மீன் ஒவ்வொன்றும் என் விரல் நீளம்கூட இல்லை.

“இக்கான் பாஜா லா, ஆண்ட்டி,” என்றார் மேற்பார்வை பார்க்கும் சீனர்.

மலாயில் இக்கான் என்றால் மீன், பாஜா என்றால் உரம். அது எனக்குத் தெரியும். உரத்துக்கென்றே கடலில் பெரிதாகாத ஒரு மீன் சாதி இருக்கிறது போல என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் மருமகன் பேராக் கரையில் இழுவைப் படகில் வேலை செய்தார். போனில் அவரிடம், “அந்தப் பாஜா மீனு வளரவே வளராதா மாப்ள?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அத்த, அப்படி ஒரு மீனே கெடையாது. நீங்க கொழம்பு வைக்கிற கெம்போங்கு, வவ்வாலு எல்லாத்தோட குஞ்சுதான் அது. வலையில ஏறிட்டா எல்லாத்துக்கும் ஒரே பேரு.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாங்கள் விளையாத அரும்பைக் கிள்ளினால் கங்காணி கூடையைக் கவிழ்த்துக் கொட்டித் திட்டுவார். “கடலுக்குக் கங்காணி இல்லியா?” என்றேன்.

“ஆபீசருங்க இருக்காங்க, சின்னக்கண்ணு வல போடக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு. ஆனா எங்க படகு மொதலாளி தவுக்கே, வலையோட கடைசியில மீனு சேர்ற வாலுப் பைக்குள்ள இன்னொரு சின்னக்கண்ணு வலைய ஒளிச்சு வச்சிருக்காரு. வெளியிலேர்ந்து பாத்தா ஒன்னும் தெரியாது.”

தீபாவளிக்கு மகளும் அவரும் மேலே வந்தார்கள். என் வெங்காய வலைப்பையை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். வலை ஓட்டையை அவர்கள் கண் என்பார்கள்; சாய்ந்த கண்களெல்லாம் மூடிக்கொண்டன. பிறகு பையை வெட்டி, கண்கள் சதுரமாக நிற்கும்படி திருப்பி இழுத்தார். திறந்தபடியே இருந்தன.

“வாலுப் பைய இப்படித் தச்சா குஞ்செல்லாம் வெளிய போயிரும் அத்த. தவுக்கேகிட்ட கேக்கலாம்னு இருக்கேன்.”

“வேணாங்க, சும்மா இருங்க,” என்றாள் மகள். மருமகன் முன்னால் உட்காரக்கூட மாட்டேன் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, “கேட்டுத்தான் பாருங்களேன்,” என்று சொல்லிவிட்டேன்.

கேட்டார். உள்வலையை எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை படகு போனபோது அவருக்கு இடமில்லை.

மகள் போனில் கத்தினாள். “ஒன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லம்மா! ‘மீனு வக்கீலு வராரு’ன்னு படகுக் கூட்டாளிங்களே கிண்டல் பண்றானுங்க.”

 இப்போது அவர் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைத் தைக்கிறார். அதிலும் உள்ளே ஒளிக்கிற சின்னக்கண் வலைதான் அதிகம் வருகிறதாம். எந்த வலை வேண்டாம் என்று சொல்லி வேலையை இழந்தாரோ, அதையே ஓட்டையில்லாமல் தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. திரிங்காப்பில் பீப்பாய் நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சீனரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இன்னொரு படகுக்காரர், சதுரக்கண் பை ஒன்று தைத்துக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாராம். மருமகன் தைக்கத் தொடங்கிவிட்டார். இழுத்தால் மூடுவது சாய்ந்த கண், திறந்திருப்பது சதுரக் கண் என்று நான் எழுதியது சரிதானா? வெங்காயப் பையில் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். வலை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் மாற்றி எழுதி, அதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்து மறுபடியும் யாரும் சிரிக்கக்கூடாது.