ஒரு கதவும் ஒட்டுப்போட்ட ரவுட்டரும்

வாட்ச்மேனுக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் காவலுக்கும் சம்பந்தமில்லை. அவன் படித்தது புள்ளியியல். மாணவர்கள் சேர்ந்து எடுத்திருந்த அந்த மூன்றாவது மாடி வீட்டில் அவனுக்குக் கிடைத்த இடம் ஹாலில், வாசல் கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். மணி அடித்தால் எழுந்து திறப்பவன் அவன். வெளியே போகிறவர்கள் தாண்டிப் போவது அவன் காலை. இப்படி ஒரு மனிதனை வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்?

ஹால் அவனுக்குப் புதிதில்லை. பிறந்த வீட்டில் நான்கு பிள்ளைகளில் கடைசி. அறைகளைப் பங்கு போட்டு முடித்த பிறகு வந்து சேர்ந்தவன். டிவிக்கு எதிரில் பாய் விரித்து, அப்பா செய்தி பார்த்து முடித்தால் தூங்கலாம் என்ற நிபந்தனையோடு வளர்ந்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், பக்கத்து ஊரில் அக்கா வீட்டு ஹால். அங்கே சோபா அவனைவிட ஒரு சாண் குட்டை. ஆக, ஒரு கதவை உள்ளே நின்று சாத்திய அனுபவம் அவனுக்குக் குளியலறையில் மட்டும்தான். அங்கேயும் யாராவது வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பார்கள். கதவு உள்ள ஓர் அறை வேண்டும், அதில் ஒரு முறையாவது சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். உலகத்தை ஆள நினைப்பவர்கள்கூட இதைவிடக் கஷ்டமான ஆசை வைத்ததில்லை என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டில் இரண்டு அறைகள். பெரியதில் சட்டம் படிக்கும் வக்கீலும், கால்நடை மருத்துவம் படிக்கும் டாக்டரும். இருவரும் இன்னும் படித்து முடிக்கவில்லை, பட்டத்தை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். சின்ன அறையில் ஒரு சீனியர் இருந்தார். படிப்பு முடிந்து அவர் காலி செய்தபோது கட்டிலை மட்டும் விட்டுவிட்டு, படுக்கையையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டார். கூடவே இன்டர்நெட் ரவுட்டரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன வருத்தம் இரண்டு பேருக்கும் அப்போதுதான் வந்தது.

சின்ன அறை யாருக்கு என்பதில் தகராறு. டாக்டருக்கும் அதன்மேல் கண். வக்கீல் தூக்கத்தில் வழக்கு நடத்துகிறவன். பக்கத்தில் படுக்க முடியவில்லை என்பது டாக்டரின் வாதம்.

"ஒரு தீர்ப்பு சொல்றேன்," என்றான் வக்கீல். "யாரு ரவுட்டர் கொண்டு வந்து வீட்டுல எல்லா மூலைக்கும் நெட் வர வைக்கறாங்களோ, அவங்களுக்கு ரூம். ஒரு மூலைக்கு வரலேன்னாலும் ரூம் கிடையாது."

"நீ யாருடா தீர்ப்பு சொல்ல?" என்றான் டாக்டர்.

"அப்பீல் வேணும்னா போ. அதையும் நான்தான் விசாரிப்பேன்."

வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அக்கா வீட்டுப் பரணில் ஒரு பழைய ரவுட்டர் தூங்கிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும்.

அக்கா அதைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு கொம்புகளில் ஒன்று முறிந்து, ஒட்டுப்போட்டிருந்தது. அக்கா புருஷன் சாத்திய அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போகட்டும். திருப்பித் தர வேணாம்னு சொல்லு. தர்றேன்னு சொல்லிட்டு வந்துறப் போறான்."

"மாமாவுக்கு எப்பவும் விளையாட்டுதான்," என்றாள் அக்கா. அவள் மட்டும்தான் சிரித்தாள்.

மாமா அடிப்படையில் நல்ல மனிதர். தன் பொருளை யாரும் தொடாதவரை அந்த நல்ல குணத்துக்கு ஒரு குறையும் வராது. அந்த ரவுட்டருக்கு அவர் வைத்திருந்த பெயரே 'தொடாதே'. யார் போனில் தேடினாலும் முதலில் அந்த எச்சரிக்கைதான் தெரியும். பாஸ்வேர்டை அவர் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மச்சானான வாட்ச்மேனின் போனை வாங்கி, "கொடு, நானே போட்டுத் தர்றேன்" என்று திரும்பி நின்று போட்டுக் கொடுப்பார். மச்சான் அதைப் பாசம் என்று நினைத்தான். ஒரு முறை நெட் மெதுவாக வருகிறதே என்று மச்சான், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவைக்கும் அந்தச் சின்னத் துளையில் ஊசியை விட்டு அமுக்கிவிட்டான். மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். செய்து முடித்ததும் துளையில் பசையை ஊற்றி அடைத்தார்.

இன்டர்நெட் கம்பி வந்து இறங்கும் இடம் சின்ன அறையின் சுவர். மூன்று பேரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். ரவுட்டரின் முதுகில் ஒரே மாதிரி நான்கு மஞ்சள் ஓட்டைகள், தனியாக ஒரு நீல ஓட்டை.

"எதுலடா சொருகணும்?"

"மாடா இருந்தா சொல்லிடுவேன்," என்றான் டாக்டர்.

"நாலு மஞ்சள், ஒரு நீலம். மெஜாரிட்டி மஞ்சள்," என்றான் வக்கீல்.

மெஜாரிட்டியில் சொருகினார்கள். விளக்குகள் கண் சிமிட்டின. யாரும் எதையும் தொடாமலே வாட்ச்மேன் போனில் கோடுகள் முழுசாக வந்து நின்றன. அக்கா வீட்டில் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பழக்கம். அவன் போன் பழைய உறவை அடையாளம் கண்டுகொண்டது.

"கில்லாடிடா நீ. தொடாமலே வர வெச்சுட்டே," என்றான் டாக்டர். கோடு இருந்ததே ஒழிய அதன் வழியாக எதுவும் வரவில்லை. குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்கிற நிலைமை. வக்கீல் கட்டடத்தின்மேல் பழி போட்டான். டாக்டர் ரவுட்டரின் வயிற்றில் கைவைத்துச் சூடு பார்த்தான்.

வாட்ச்மேன் நீல ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கூட்டத்துல சேராம ஒண்ணு தனியா நிக்குதுன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்," என்று கம்பியைப் பிடுங்கி அதில் சொருகினான். இதுவரை எரியாத விளக்கு ஒன்று எரிந்தது. புள்ளியியல் வாழ்க்கையில் அவனுக்குப் பயன்பட்டது அன்று ஒரு நாள்தான்.

மற்ற இரண்டு போன்களும் பாஸ்வேர்டு கேட்டன. துளையைப் பசை மூடியிருந்ததால் அழித்து எழுதவும் வழியில்லை. ஊசி வளைந்ததுதான் மிச்சம். வாட்ச்மேன் எல்லோருக்கும் கேட்கும்படி போனை வைத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"பாஸ்வேர்டு என்னக்கா?"

அந்தப் பக்கம் மிக்சி நின்றது. "மாத்திக்கோயேன்டா."

"மாமாதான் பசைய ஊத்தி வெச்சிருக்காரே. நீ சொல்லு."

"சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"பாஸ்வேர்டத் தப்பா எடுத்தா நெட்டு வராதுக்கா."

"மச்சான் எப்போ போவான்."

"எந்த மச்சான்? எங்க போறான்?"

"அதான்டா பாஸ்வேர்டு. இங்கிலீஷ் எழுத்துல, இடம் விடாம. உள்ள போய் ஏதாவது மாத்தணும்னாலும் அதேதான் கேக்கும்."

வக்கீலும் டாக்டரும் போனில் விரலை வைத்துத் தயாராக இருந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியும். கடைசியில் டாக்டர்தான் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, எப்போவுக்கு ரெண்டு பி-யா?"

"ரெண்டு," என்றாள் அக்கா. "அவர் எதையும் அழுத்தித்தான் சொல்வார்."

வாட்ச்மேனுக்குக் கோபம் வரவில்லை. மாமா ஒரு வருஷம் ஏன் திரும்பி நின்று போட்டுக் கொடுத்தார் என்பதற்கு, அவன் கேட்காமலே பதில் கிடைத்திருந்தது. அவன் வீட்டை விட்டுப் போன பிறகும் மாமா அதை மாற்றவில்லை என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பதில் தெரிந்த பிறகும் ஒரு மனிதன் கேள்வியை வைத்துக்கொண்டிருப்பானா?

எல்லா மூலையிலும் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அடுப்படி, குளியலறை, துணி காயும் பால்கனி. எங்கும் வந்தது. வக்கீல் தீர்ப்பை உறுதி செய்தான். வாட்ச்மேன் பாயைச் சுருட்டிக்கொண்டு சின்ன அறைக்குள் போனான். அந்த அறை முன்காலத்தில் கட்டடத்தின் சாமான் கிடங்கு. அதனால் கதவின் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்திருந்தது. சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இருபது வயசு தாண்டி முதன்முதலாகக் காலை நீட்டினான். யாரும் தாண்டவில்லை.

இடி இடித்ததுபோல் கதவு தட்டப்பட்டது.

"டேய், நெட்டு போயிடுச்சு," என்றான் டாக்டர்.

கதவைத் திறந்தான். வந்தது. சாத்தினான். போனது. மூன்று பேரும் நின்று பலமுறை சாத்தித் திறந்து பார்த்தார்கள். வயதான ரவுட்டர், ஒன்றரைக் கொம்பு. இரும்பைத் துளைத்துப் போகும் வயசு அதற்கு இல்லை. சீனியர் காலத்தில் இந்தத் தொல்லை வந்ததில்லை. அவர் கதவையும் வாயையும் மூடி யாரும் பார்த்ததில்லை.

"நீளமா ஒரு கம்பி போட்டு ஹால்ல வெச்சுடலாம்," என்றான் வாட்ச்மேன்.

"கம்பி எது வழியா வரும்? இது தரையோட ஒட்டின கதவு. கம்பி வந்தா கதவு மூடாது. கதவு மூடினா கம்பி நசுங்கும். சுவத்துல ஓட்டை போட்டா வீட்டுக்காரர் நம்மள ஓட்டை போடுவார்." வக்கீல் தொண்டையைச் செருமினான். "ரூம் உனக்குத்தான். தீர்ப்பு தீர்ப்புதான். ஆனா கதவ மூடினா எல்லா மூலைக்கும் வரல. அப்போ ரூம் டாக்டருக்கு."

அப்படியாக, கதவு உள்ள அறை கிடைத்தது, கதவுதான் கிடைக்கவில்லை. அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கப் புள்ளியியல் பாடப்புத்தகத்தின் முதல் பாகத்தை அண்டக்கொடுத்தார்கள். இப்போது பால்கனிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவனை எட்டிப் பார்த்து, "என்ன வாட்ச்மேன், தூங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மழை தொடங்கிய சமயத்தில் மாமா வந்தார். அலுவலகத்தில் ஏதோ பயிற்சி வகுப்பு, இதே ஊரில்; தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதாம். "ரெண்டு நாள்தான் மாப்ள," என்று பெட்டியைச் சின்ன அறையில் வைத்தார். அவர் போனும் 'தொடாதே'யைப் பார்த்ததும் தானாக ஒட்டிக்கொண்டது. "நம்ம வீடு மாதிரியே இருக்கு," என்று கட்டிலில் சாய்ந்தார். மாமா வந்தால் அறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சட்டத்தில் இல்லாததைத்தான் மனிதர்கள் தவறாமல் செய்கிறார்கள். வாட்ச்மேன் பாயோடு செருப்பு அலமாரிக்குத் திரும்பினான்.

மாமா முதல் வேலையாகப் புத்தகத்தைக் காலால் தள்ளி, கதவைச் சாத்தினார்.

உள்ளே ரவுட்டரும் மாமாவும் தனியாக இருந்தார்கள். "நெட்டு பிரமாதமா வருது மாப்ள," என்று சாப்பிட வரும்போதெல்லாம் பாராட்டினார். வெளியே மூன்று பேரும் மொபைல் டேட்டாவாவது கிடைக்குமா என்று போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியிடம் கதவைத் திற என்று எப்படிச் சொல்வது? வாட்ச்மேன் ஒரு முறை, "காத்து வரும் மாமா, கொஞ்சம் திறந்து வெச்சா" என்று பார்த்தான். "எனக்குக் காத்து ஆகாது" என்றார் மாமா. இரண்டு நாள் பயிற்சி வாரக்கடைசியையும் தாண்டி நீண்டது. வகுப்பு முடிந்துவிட்டது என்றும், ஊர் பிடித்துவிட்டது என்றும் மாமாவே சொன்னார்.

வக்கீல் வாட்ச்மேனை அடுப்படிக்குக் கூப்பிட்டான். டாக்டரும் வந்தான்.

"உன் மாமா எப்போ போவார்?"

"எப்படிடா கேக்கறது? அக்கா புருஷன்."

"நான் கேக்கச் சொல்லல. எந்த மூலைக்கும் நெட் வரல. ஒப்பந்தப்படி நாளையோட ரூம் டாக்டருக்குப் போகுது. மாமாவோட சேத்து."

"மாமா வேணாம். ரூம் மட்டும் போதும்," என்றான் டாக்டர் அவசரமாக.

வாட்ச்மேன் யோசித்தான். யாரும் வாய் திறந்து கேட்க முடியாத ஒரு கேள்வியை ஒரு மனிதன் எப்படிக் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்த ஒரே பள்ளிக்கூடம் அக்கா வீடு. மாமா குளிக்கப் போனபோது அறைக்குள் நுழைந்து, போனிலேயே ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு, வக்கீலின் கேள்வியை இடம் விடாமல் எழுதினான். நாகரிகம் கருதி முதல் வார்த்தை 'உன்' வேண்டாம் என்று விட்டான்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தார்.

"மாப்ள, பாஸ்வேர்டு கேக்குது. நம்ம பாஸ்வேர்டப் போட்டா தப்புன்னுது. மாத்திட்டியா?"

"பாதுகாப்புக்காக மாமா."

"என்னது புதுசு?"

வாட்ச்மேன் கையை நீட்டினான். "குடுங்க மாமா, நானே போட்டுத் தர்றேன்."

மாமா போனைக் கொடுத்தார். அவன் போனோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். வக்கீல் கூரையைப் பார்த்தான். டாக்டர் தன் நகங்களைப் பரிசோதித்தான். மாமா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த முதுகு; ஒரு வருஷம் அது அவருடையதாக இருந்தது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பிழை இல்லாத விடைத்தாளைப் பார்க்கும் வாத்தியார் முகம்.

"நல்லா வருது," என்றார். பிறகு, "காலைல பஸ் எத்தனை மணிக்கு மாப்ள?" என்று கேட்டார்.

மறுநாள் வாட்ச்மேன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை போனான். மாமா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, "அக்காவ வந்து பாரு. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு" என்றார். பாதி உபசாரம், பாதி எச்சரிக்கை. அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"மாமாகிட்ட என்னடா சொன்னே? பையன் தேறிட்டான், தேறிட்டான்னு சொல்லிட்டே இருக்காரு."

"ஒண்ணும் சொல்லலக்கா. நெட்டு போட்டுக் கொடுத்தேன்."

பாஸ்வேர்டை அவன் மாற்றவில்லை. டாக்டருடைய சித்தப்பா வரப்போவதாகப் பேச்சு இருக்கிறது. ஒரு வார்த்தை மாற்றினால் போதும். அறை அவனிடமே இருக்கிறது. புத்தகமும் கதவை அண்டிக்கொண்டு அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் தினமும் கல்லூரியிலிருந்து வந்ததும் சட்டை மாற்றுகிற சாக்கில் அதைக் காலால் தள்ளுகிறான். இரும்புக் கதவு மெல்ல வந்து பொருந்துகிறது. கட்டிலில் படுத்துக் காலை நீட்டுகிறான். ஹாலிலிருந்து டாக்டர், "டேய் கதவு" என்கிறான். முதல் குரலுக்கு அவன் அசைவதில்லை. வக்கீலும் சேர்ந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்து, புத்தகத்தைத் தேடுகிறவன்போல் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு, திறக்கிறான்.