நேற்று என்ன சாப்பிட்டாய்?

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண்கள் பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே நான் சுகாதாரப் பாடம் எடுத்தேன். பருப்பு உடம்பை வளர்க்கும், கீரை ரத்தத்துக்கு நல்லது, பால் எலும்புக்கு என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிப்பார்கள். வாய் ஒப்பிப்பது வயிற்றுக்கும் போகிறதா என்று எனக்கு ஒரே சந்தேகம். அதனால் மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளிடம், இப்போதைய எட்டாம் வகுப்பு, முந்தின நாள் வீட்டில் சாப்பிட்டதை நோட்டில் எழுதிவரச் சொன்னேன்.

முப்பது நோட்டு வந்தது. இருபத்தொன்பதில் கேப்பைக்கூழும் வெங்காயமும். இருபோகம் நெல் விளைகிற ஊரில்! யார் வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பார்த்து, கூடுதலாக இருந்ததை எடுத்துக்கொண்டு போன நேரம் அது. நோட்டுகளைத் தாசில்தாரிடம் கொடுத்துவிடுவேன் என்று ஊரே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறது. பண்ணைக்காரர் மகளின் கையில் நெய் வாசனை அடித்தது. அவளும் கூழ்தான் எழுதியிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாடம் சொல்லிக்கொடுக்கிறவளை உளவாளி ஆக்கிவிட்டார்களே!

ஒரே ஒரு நோட்டில் மட்டும் நெல்லுச்சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, ஒரு டம்ளர் பால். எழுதியவளின் அப்பா அதே பண்ணைக்காரரின் நெல் கிட்டங்கிக்குக் காவல்காரர். காவல்காரர் வீட்டில் இத்தனையா என்று நான் யோசித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள் இதை மட்டும் அப்படியே நம்பினேன். மற்றவர்கள் மேல் அவ்வளவு கோபம். அவளை எழுப்பி நிறுத்தி, நோட்டை உரக்கப் படித்தேன்.

"இந்தக் கிளாஸ்ல உண்மை எழுதுனவ இவ ஒருத்திதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நான்கு நாட்கள் அவள் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவளுடைய அம்மா சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"கிட்டங்கி நெல்லத் திருடித்தான் சோறு பொங்குறோம்னு எங்க வீட்டுக்காரர வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக, டீச்சர். வீட்டப் பொரட்டிப் பாத்தாக. அரைப்படி கேப்பை மாவுதான் இருந்துச்சு. அப்ப நெல்ல வித்துட்டீகன்னு சொல்லுறாக."

மகள் சுவரோரமாக நின்றாள்.

"ஏம்மா அப்படி எழுதுன?"

"நீங்க பலகையில எழுதிப்போட்டதத்தான் எழுதுனேன், டீச்சர். அன்னைக்கு எங்க வீட்ல அடுப்பே பத்தவைக்கல. ஒண்ணும் திங்கலன்னு எழுதுனா நீங்க நம்ப மாட்டீக."

சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அங்கிருந்து நேரே பண்ணைக்காரரிடம் போனேன். அந்தப் பிள்ளை பாடத்தைப் பார்த்து எழுதிவிட்டாள், அத்தனையும் பொய், அவள் அப்பாவை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"உண்மை எழுதுனவ அவ ஒருத்திதான்னு வகுப்புல சொன்னீகளாமே. இப்பப் பொய்யிங்கிறீக. அப்ப, எங்க வீட்ல கூழுதான் குடிக்கிறோம்னு என் மக எழுதுனாளே, அது நெசந்தானே டீச்சர்?"

சர்க்கார் ஆட்கள் காதுக்கு எட்டும்படி நான் எதுவும் சொல்லிவிடக்கூடாது என்பது அவர் கவலை. காவல்காரருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது என் கவலை.

"ஆமா" என்றேன்.

சிரித்தபடி எழுந்து உள்ளே போய்விட்டார். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காவல்காரரும் மனைவியும் மகளும் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை தேடி மலையேறிப் போனார்கள்.