கிளவுஸ் நுனியைக் கிழிக்கிறவ

என் பொண்டாட்டி குழந்தைங்க வார்டு நர்ஸ். நான் தையல்காரன். நாள் பூரா ஊசியோடதான் குடித்தனம், ஆனா எனக்கு யாராவது ஊசி போட வந்தா எடுத்தேன் ஓட்டம். அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குவா.

டிரிப்ஸ் ஏத்த நரம்பு கிடைக்கலைன்னா டாக்டருங்களே இவளைத்தான் தேடுவாங்க. இவளுக்கு ஒரு பழக்கம். கிளவுஸ் மாட்டினதும் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கிழிச்சு விட்டுடுவா. வெறும் விரல் பட்டாத்தான் நரம்பு பிடிபடுமாம். அவகூடப் படிச்சவங்க நிறைய பேர் அப்படித்தான். கிருமி ஒட்டும், செய்யக் கூடாதுன்னு இப்போ கண்டிப்பாச் சொல்றாங்க.

இந்த வருஷம் வார்டுல இருக்கணும்னா செய்முறைத் தேர்வுல தேறணும்னுட்டாங்க. மேஜை மேல ஒரு பிளாஸ்டிக் கை. இவ கிளவுஸை மாட்டினா, பழக்கதோஷம், டர்ருனு நுனியைக் கிழிச்சுட்டா. தேர்வு வச்சவ இவளுக்கு ஜூனியர். "அக்கா, அதோட நிறுத்திடுங்க"ன்னா. ஃபெயில். இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதுவும் போச்சுன்னா குழந்தைங்களை விட்டுட்டு மருந்துக் கிடங்குல பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

எனக்கு வந்துதே கோபம்! "நேத்துப் பேஞ்ச மழையில முளைச்ச காளான், அதுக்கு இவ்வளவு திமிரா?"ன்னு வீடே அதிரக் கத்தினேன்.

"கத்தாம கையை நீட்டுங்க."

"ஊசியா?"

"தொட்டுத்தான் பார்க்கப்போறேன். செத்துட மாட்டீங்க."

கிளவுஸோட தடவினா. கழட்டிட்டுத் தடவினா. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினா. முழங்கை மடிப்புல என் நரம்பு கயிறு மாதிரி புடைச்சு நிக்குது, எனக்கே தெரியுது.

"வெறும் விரலுக்கும் தெரியலைங்க. ரொம்ப நாளா மரத்துக் கிடக்கு. ஒரு குழந்தையை மூணு இடத்துல குத்திட்டு, நரம்பு சரியில்லைன்னு அதோட அம்மாகிட்டச் சொன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நேரா அந்த ஜூனியர்கிட்டப் போனா, பழகிப் பார்க்க ஒரு கை வேணும்னு என்னையும் இழுத்துக்கிட்டு. "என் விரல் போச்சும்மா. நரம்பைக் காட்டுற அந்த ஸ்கேன் மெஷினைச் சொல்லிக்கொடு"ன்னா. மெஷின் வார்டுக்கு வந்து ரெண்டு வருஷம், இவ அதை டிவிப் பெட்டின்னு கேலி பண்ணினதோட சரி.

"அக்கா, விரல் விஷயம் தெரிஞ்சப்புறம் நான் மேல சொல்லியாகணும். டாக்டர் பார்த்துட்டு வேண்டாம்னா வார்டே கிடையாது."

"சொல்லு. மறைச்சு மறைச்சு எனக்கும் அலுத்துப்போச்சு."

டாக்டர், மெஷின் வச்சுத்தான் ஊசி போடணும்னு சொல்லி, மறுபடி தேர்வுக்குப் போக விட்டாரு. என் கைதான் பலியாடு. "கையைப் பார்க்காதீங்கக்கா, திரையைப் பாருங்க"ன்னு அந்தப் பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிட்டா. இவ கண்ணு கைக்கே ஓடும். திட்டு வாங்கினா, வாங்கிக்கிட்டு மறுபடி செஞ்சா. கிளவுஸ் கிழியாமத் தேறியும்விட்டா.

வார்டுக்குத் திரும்பின அன்னைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை.

"ஒரே குத்துங்க. கைக்குழந்தை. அழக்கூட இல்லை."

"அப்புறம் நீ ஏண்டி அழறே?"

"ரெண்டு வருஷமா அந்த மெஷின் பக்கத்துலயேதாங்க இருந்துச்சு."