செவலைக்குச் சளி

மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பேகம்பேட்டில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஐந்தாறு கோழிக்குஞ்சுகள். பேரனின் பிடிவாதமாம். "நான்னா, இதுல ஹென் ஏதி?" என்று கேட்டிருந்தாள். அப்பா, இதில் பெட்டை எது என்று. வீட்டில் நாங்கள் என்னவோ தமிழ்தான் பேசினோம். அவளுக்கு இப்படித்தான் வரும்.

கேட்டதுதான் கேட்டாள், தப்பான ஆளிடம் கேட்டுவிட்டாள். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேறிய பாகம், தேறாத பாகம் என்று பிரித்துத் தள்ளுவதுதான் வேலை. கோழிக்குஞ்சு விஷயத்தில் மட்டும் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

படத்தைப் பார்த்ததும் நனைத்த தவிட்டின் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. குஷாய்குடாவில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த காலத்து வாடை. கல்யாணமாகி வந்த புதிது. செல்விக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் வேலைக்குப் போகும்போது ஜன்னலோரம் எப்படி உட்கார்ந்திருந்தாளோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது பக்கத்து வீட்டு பாபிக்குத்தான். பாபி என்றால் உருதுவில் அண்ணி. ஒரு நாள் அடைக்கோழி ஒன்றையும் முட்டைகளையும் கூடையோடு கொண்டுவந்து எங்கள் கொல்லையில் வைத்தார். "எங்க வீட்ல பூனை தொல்லை. நீ பாத்துக்க," என்று உருதுவில் சொன்னார். அந்த வீட்டில் நான் பூனையைப் பார்த்ததே இல்லை.

மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கோடிபெட்ட பர்வாலேது. புஞ்சு வத்து." பெட்டை இருக்கலாம், சேவல் கூடாது. அவருக்குத் தூக்கம் கொஞ்சம்.

குஞ்சுகள் பொரிந்தன. கடைசி முட்டையில் இருந்தது ஓட்டை உடைக்க மாட்டாமல் திணறியது. செல்விதான் நகத்தால் உரித்து எடுத்தாள். செம்மண் நிறம். செவலை என்று பேர் வைத்தாள். அது பெட்டைதான் என்று அன்றைக்கே தீர்மானமும் செய்துவிட்டாள்.

குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு பெண்களுக்கும் சாயங்கால வேலை அதுவே ஆனது. பாபி குஞ்சின் பிடரியைப் பிடித்துத் தூக்குவார். காலை மடக்கினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல். ஒரே குஞ்சு ஒரு நாள் பெட்டையாகவும் மறுநாள் சேவலாகவும் இருக்கும். இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டு என்னிடம் தீர்ப்புக்கு வருவார்கள். நானும் ஆய்வாளரின் மிடுக்கோடு ஒன்றை உற்றுப் பார்த்து, "இது சேவல்," என்றேன். பிற்பாடு முதல் முட்டை வைத்தது அதுதான். அன்றைக்குச் செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

செவலைக்குக் கொண்டை மற்றவற்றுக்கு முன்பே தடித்துச் சிவந்தது. கால்கள் கனத்தன. கழுத்து இறகுகள் கூராக நீண்டு மினுங்கின.

"நக்கோ செல்வி, யே முர்காச் ஹை," என்றார் பாபி. பிடிவாதம் வேண்டாம், இது சேவலேதான் என்று.

"ஒடம்புல ரெத்தம் ஓடுனா கொண்ட செவக்கத்தான செய்யும்?" என்று செல்வி என்னிடம் தமிழில் பொருமினாள்.

ஒரு விடியற்காலையில் கொல்லையில் ஓட்டைக் குழாயில் காற்று வாங்குவது போல ஒரு சத்தம். நான் எழுந்து போனேன். செல்வி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். செவலை கழுத்தை நீட்டி இன்னொரு தடவை முயன்றது.

"கூவலங்க. இருமுது. சளி பிடிச்சிருக்கு பாத்துக்கிடுங்க," என்றாள்.

மிளகும் மஞ்சளும் அரைத்து ஊட்டினாள். அந்த வாரம் முழுக்க ஊட்டினாள். சளி நாளுக்கு நாள் கணீரென்று ஆனது. வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார்; கோபப்படவில்லை, செவலையைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், பேசாமல் மேலே போய்விட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மத்தியானம் அவளே செவலையைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

"அறுத்துர மாட்டீங்களே பாபி?"

ஷாமீர்பேட் பக்கம் தன் தங்கை வீட்டில் பெரிய தோட்டம் இருக்கிறது, அங்கே விட்டுவிடுகிறேன் என்றார் பாபி.

அதன்பிறகு மகள் பிறந்தாள். பாபிதான் அவளைக் குளிப்பாட்டினார். தங்கை வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் செவலையின் சேதி வரும். நன்றாக இருக்கிறது, நாயை விரட்டியது, குஞ்சும் குட்டியுமாகத் திரிகிறது. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகும் சேதி வந்துகொண்டிருந்தது.

"ஒரு சேவல் இத்தன வருஷம் இருக்குமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாபி சொன்னா இருக்கும்," என்றாள் செல்வி.

பிறகு அல்வாலில் சொந்த வீடு வாங்கிப் போனோம். முதலில் ரம்ஜானுக்கு ரம்ஜான் போனோம். ஒரு வருடம் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வருடம் மகளுக்குப் பரீட்சை. தொலைபேசி எண் மாறிவிட்டது. அவ்வளவுதான், சண்டை இல்லை, சச்சரவு இல்லை, போவது நின்றுவிட்டது.

மகளின் படம் வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் குஷாய்குடாவுக்குப் போனோம். எங்கள் வீடும் பாபி வீடும் சேர்ந்து ஒரே அடுக்ககமாகியிருந்தது. நடுவில் இருந்த சுவர் எங்கே என்று தெரியவில்லை. அந்த இடத்தில் கார்கள் நின்றன. எதிரே இருந்த மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தோம்.

"வாள்ள பேரு ஏமிட்டி அம்மா?" என்று அவர்கள் பேரைக் கேட்டார்.

செல்வி வாயைத் திறந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாபி என்றுதான் கூப்பிட்டோம். அவர் கணவர் பாய். அத்தனை வருடமும் வேறு பேர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

"பாபி," என்றாள் செல்வி, கொஞ்சம் தயங்கி.

கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார், அடுத்து பேரைச் சொல்வாள் என்று.