கேப்டன் மேசைக்குப் போன பட்டு

ஜெனவீவுக்குக் கப்பல்மேல் ஆசை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்தக் கப்பல் தனக்கு வரவேண்டிய பங்கு என்றும், அதை ஒருத்தி குறுக்கே வந்து தட்டிக்கொண்டு போனாள் என்றும் சாகும்வரை நம்பினாள்.

அவள் அப்பா மலாயாவில், கிள்ளான் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். பூசைக்கு முன் சாமியாரின் உடுப்பை எடுத்து வைப்பது அவர் வேலை. தபசுகாலத்துக்கு ஊதா, வேதசாட்சி திருநாளுக்குச் சிவப்பு, பாஸ்குவுக்கு வெள்ளை. ஏழு வயதிலேயே ஜெனவீவ் அதையெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். கன்னியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்ததில் இங்கிலீஷும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பத்தொன்பது வயதில் லோரி ஓட்டும் பெர்னாட்டைக் கட்டிக்கொண்டு கோல சிலாங்கூர் பக்கம் ஓமுட்டு ரப்பர் தோட்டத்துக்கு வந்தாள். நாலு வருஷம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இஸ்திரி போட்டாள். துரைசாணியின் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை.

காட்டுக்குள் இருந்து சுடுகிற கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம். தொழிலாளிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. சோறுகூடப் பொதுக்கொட்டகையில் ஆக்கி அளந்து கொடுத்தார்கள். ஒரு நாள் பங்களா வராந்தாவில் குண்டு பாய்ந்து பூந்தொட்டி சிதறியது. அன்றைக்கே துரை முடிவெடுத்துவிட்டார்: துரைசாணியும் இரண்டு பிள்ளைகளும் சீமைக்குக் கப்பலேற வேண்டும். கூட ஓர் ஆயாவும் போகவேண்டும்.

பங்களாவில் இருந்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜெனவீவ். இன்னொருத்தி கான்ஸ்டன்ஸ். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள். அவள் புருஷன் ராஃபேல் தோட்டக் காவலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்து, எட்டாவது மைல் எட்டாங்கட்டையில் சுடப்பட்டுச் செத்துப்போனான். அன்றிலிருந்து அவளுக்கு வெள்ளைச் சேலைதான்.

யார் போவது என்று சொல்லுமுன் துரைசாணி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். கட்டில்மேல் உடுப்புகளைப் பரப்பி, அரைகுறைத் தமிழும் மலாயும் கலந்து விளக்கினாள். கப்பல் கிளம்பும் முதல் நாளும், இறங்குவதற்கு முந்தின நாளும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாரும் உடை மாற்ற மாட்டார்கள். துறைமுகத்தில் நிற்கிற நாளும் அப்படித்தான். மற்ற நாளெல்லாம் கணுக்கால் மறைகிற நீளக் கவுன் இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கக்கூடாது. கேப்டன் கூப்பிடும் விருந்துக்கு முழங்கை வரைக்கும் கையுறை.

கான்ஸ்டன்ஸ் திருதிருவென்று விழித்தாள். "சோறு திங்கிறதுக்கு இத்தன சட்டயாக்கா?" என்று காதோடு கேட்டாள்.

ஜெனவீவுக்குச் சிரிப்பு வந்தது. இதில் என்ன கஷ்டம்? கோயிலில் நாளுக்கொரு நிறம், கப்பலில் நாளுக்கொரு நீளம். துரைசாணி ஒரு முறைதான் சொன்னாள். ஜெனவீவ் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். துரைசாணி கைதட்டினாள். ஜெனவீவ் அதைப் பரீட்சை என்று நினைத்தாள், தான் தேறிவிட்டதாகவும் நினைத்தாள்.

மறுநாள் துரைசாணி சொன்னது கான்ஸ்டன்ஸின் பெயரை. பிள்ளைகள் அவளைவிட்டு இருக்க மாட்டார்களாம். ஜெனவீவுக்குப் புருஷன் இருக்கிறானாம், கான்ஸ்டன்ஸுக்கு யாரும் இல்லையாம்.

வயிறு பற்றி எரிந்தது ஜெனவீவுக்கு. செத்த புருஷன்கூட அவளுக்குத்தான் உதவினான் என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. 'கவுனுக்கும் பாவாடைக்கும் வித்தியாசம் தெரியாதவள் கப்பலில்! எல்லாம் தெரிந்தவள் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதிக்கொண்டு இங்கே!'

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் கான்ஸ்டன்ஸ் கையில் காகிதங்களோடு வந்தாள். கப்பல் கம்பெனி அனுப்பிய லேபிள்கள். ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றில் ராத்திரிக் கவுன்கள், மற்றதில் சீமைக் குளிருக்குக் கம்பளி. ஒன்றின்மேல் 'பயணத்தில் வேண்டும்' என்று ஒட்டவேண்டும், அது அறைக்கு வரும். மற்றதன்மேல் 'பயணத்தில் வேண்டாம்'. அது அடிக்கிடங்குக்குப் போனால் சீமை போய்ச் சேரும்வரை யாராலும் எடுக்க முடியாது.

"எனக்கு இங்கிலீசு தெரியாதேக்கா. நீயே ஒட்டிக் குடுத்திரு" என்றாள் கான்ஸ்டன்ஸ். சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போனாள்.

ஜெனவீவ் பசையைக் குழைத்தாள். இரண்டு லேபிளையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு நிதானமாக, ஓரம் பிசிறாமல், கவுன் பெட்டியின்மேல் 'வேண்டாம்' என்பதை ஒட்டினாள். தெரியாமல் செய்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி பெட்டியைத் திறந்து, கம்பளியைக் கண்டு, துரைசாணி கான்ஸ்டன்ஸைக் கிழி கிழியென்று கிழிப்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டேதான் ஒட்டினாள்.

பசை விரலில் காயுமுன் கான்ஸ்டன்ஸ் திரும்பி வந்து நின்றாள்.

"அக்கா, கப்பல்ல புள்ளைங்களுக்கு ஒரு விருந்து இருக்காம். ஆயாவும் நல்ல சேலை கட்டணுமாம், தொரசாணி சொல்றாங்க. எங்கிட்ட ஏதுக்கா? அவரு போன அன்னிக்கே கலர் சேலை எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

ஜெனவீவிடம் இருந்த பட்டு ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்பா கும்பகோணத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறப் பட்டு. வேறு எந்த நாளாக இருந்தாலும் 'பூச்சி அரிச்சிருச்சு' என்று பொய் சொல்லியிருப்பாள். அன்றைக்குக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. லயத்துக்கு ஓடி, பட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். கான்ஸ்டன்ஸ் அழுதேவிட்டாள்.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகம் போன லோரியைப் பெர்னாட்தான் ஓட்டினான். முன்னும் பின்னும் போலீஸ் வண்டி. பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது என்று ஜெனவீவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்த பெர்னாட், "யம்மா, கப்பலா லா அது! நம்ம தோட்டத்து லயத்த எல்லாம் ஒன்னுமேல ஒன்னு அடுக்குன மாதிரி நிக்குது" என்றான். புருஷன்கூடப் பார்த்துவிட்டான். அன்று அவள் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கான்ஸ்டன்ஸின் கடிதம் வந்தது, கோணல்மாணல் தமிழில். பெட்டி மாறிப்போய்க் கவுன் எல்லாம் அடிக்கிடங்கில் மாட்டிக்கொண்டதாம். நீளக் கவுன் இல்லாமல் துரைசாணி மூன்று ராத்திரி அறையிலேயே ரொட்டி சாப்பிட்டாளாம். ஐந்தாம் நாள் கேப்டன் விருந்து. 'எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா. உன் பட்டைக் கொடுத்துவிட்டேன். கப்பலில் இருந்த கோவாக்காரத் தையல்காரர் ஒரே பகலில் கவுனாகத் தைத்தார். அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். என்னை மன்னித்துக்கொள்.' உள்ளே ஒரு போட்டோ இருந்தது. கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியில் துரைசாணி, உடம்பெல்லாம் ஜெனவீவின் பட்டு.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? 'என் சேலையை ஏன் வெட்டினாய்' என்று கேட்கலாம்தான். பெட்டி எப்படி மாறியது என்ற பேச்சும் கூடவே வருமே! பெர்னாட்டோ போட்டோவை வாங்கிக்கொண்டு லயம் லயமாகப் போனான். "எம் பொண்டாட்டி சேலை கேப்டன்கூட ஒக்காந்து சோறு தின்னுருக்குடா!" என்று எல்லோரிடமும் காட்டினான். ஜெனவீவ் போட்டோவை எத்தனை தடவை பார்த்தாளோ தெரியாது. அவள் போகாத கப்பலில் அவள் சேலை போய்விட்டது. உயிரில்லாத துணிமேல்கூட ஒருத்திக்குப் பொறாமை வருமா என்றால், வந்தது.

பத்து மாதம் கழித்துக் கான்ஸ்டன்ஸ் திரும்பினாள். நேரே ஜெனவீவின் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தாள். துரைசாணி கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. கோல சிலாங்கூர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கொடுப்பது! அதன் அடியில் மடித்து வைத்த பட்டு முந்தானை.

"முந்தானைய மட்டும் வெட்ட விடலக்கா. ஒன்னோட கலியாணச் சீராச்சே."

ஜெனவீவ் அதைத் தொடவில்லை. "தொரசாணி ரொம்பத் திட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"திட்டாம? யாரு லேபிள் ஒட்டுனதுன்னு கேட்டாங்க." கான்ஸ்டன்ஸ் முந்தானையை நீவிவிட்டாள். "நாந்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒம் பேரச் சொல்லியிருந்தா, நான் கரையெறங்கறதுக்குள்ள தொரைக்குக் கடுதாசி வந்திருக்கும். ஒனக்கு வேலை இருந்திருக்காது." அவள் ஜெனவீவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுக்கா. வெயிலு தாங்கல."

ஜெனவீவ் உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டாள். அழுதிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ பழைய எரிச்சல்தான். கப்பலும் அவளுக்கே, சீமையும் அவளுக்கே, கடைசியில் பார்த்தால் இந்த நல்ல மனசும் அவளுக்கே!

மாதம் ஒரு முறை சாமியார் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று ஜெனவீவ் பாவசங்கீர்த்தனம் செய்தாள். லேபிள் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் செத்த அன்று அந்த முந்தானையைச் சவப்பெட்டிக்குள் அவள்மேல் விரித்தது கான்ஸ்டன்ஸ்தான். விரித்துவிட்டு, ஓரம் பிசிறாமல் உள்ளே மடித்துவிட்டாள்.